விழக் கற்றவள்

காப்பி போதும் அம்மா, இனி ஊற்றாதீர்கள். அளவாகக் குடிப்பவள் நான்.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன் அல்லவா, அங்கே கொடியில் ஒரு வெள்ளை உடை காய்கிறது. கனத்த துணி, அகலமான கை, பக்கவாட்டில் நாடா வைத்துத் தைத்தது. கராத்தே உடை. உங்கள் தமயந்தியுடையதுதானே? ஏன் அம்மா முகம் அப்படி மாறுகிறது? தரகர் அதைச் சொல்லாமல் விட்டது அவருடைய பிழை, உங்களுடையது அன்று. இடுப்புப் பட்டையை மட்டும் கொடியில் காணவில்லை. பட்டையைத் துவைக்கக் கூடாது என்பது அங்கே விதி. அதிலிருந்தே தெரிந்துகொண்டேன், பெண் முறையாகக் கற்கிறாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். நானும் கராத்தே பயின்றிருக்கிறேன், தெய்வானை அம்மா. சிரிக்கலாம், தவறில்லை. அறுபத்து நான்காம் வயதில், மூன்றரை மாதம், செவ்வாயும் வெள்ளியும், மாலை ஐந்து முதல் ஆறு வரை. வெள்ளைப் பட்டையோடு நின்றுவிட்டேன். அதைத் தாண்டியிருப்பேன். என் மருமகளால் நின்றது.

ஆம், முதல் மருமகள். அதைத்தான் சொல்ல வந்தேன். என் மகன் நெல்லையப்பனுக்கு உங்கள் பெண்ணைக் கேட்டு வந்திருக்கிறேன். அவனுடைய முதல் திருமணம் ஏன் முறிந்தது என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. கேட்காதது உங்கள் பண்பு. ஆனால் பாளையங்கோட்டையில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லுவார்கள். முப்பத்தோராண்டு பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்தித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். எதையும் சரியாகச் சொல்ல வேண்டும். என் வாயாலேயே கேட்டுவிடுங்கள்.

அவள் பெயர் சியாமளா. சங்கரன்கோவில் பெண். வேதியியலில் முதுகலை. குரல் எழுப்பிப் பேசமாட்டாள். அந்த ஒன்றை நான் எப்போதும் பாராட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டில் கீழ்ப்பகுதியில் நான், மாடியில் அவர்கள் இருவரும். திருமணமாகி ஓராண்டு நிறைவதற்குள், ஆடி மாதத்தில், மாடிப்படியில் விழுந்துவிட்டாள். மூன்று மாதக் கரு, தங்கவில்லை. படியில் ஈரம் இருந்தது என்று மருத்துவரிடம் நான்தான் சொன்னேன். ஈரம் இருந்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் ஈரம் இல்லாமல் ஒருத்தி விழுவாளா, சொல்லுங்கள்.

என் மகனுக்குக் கோபம் வரும். மறைக்கவில்லை. அவன் அப்பாவுக்கும் வந்தது. கொஞ்சம் கை நீளும். கை நீளும் என்றால் அடிப்பான் என்று நீங்கள் பொருள் கொள்ளக் கூடாது. கோபம் வரும்போது எதிரில் யார் நின்றாலும் அப்படித்தான். ஆகையால் எதிரில் நிற்காமல் இருக்கப் பழக வேண்டும். நான் பழகிக்கொண்டேன். முப்பத்தெட்டு ஆண்டு அவன் அப்பாவோடு வாழ்ந்தேன், ஒரு நாள்கூடப் பள்ளிக்கு விடுப்பு எடுத்ததில்லை.

ஆவணியில் ஒரு நாள் அவள் என்னிடம் வந்து, "அத்தை, நான் கராத்தே கிளாஸுக்குப் போகட்டுமா? உடம்பு கொஞ்சம் தேறணும்" என்றாள். அவர்கள் பேசியது பேசியபடியே சொல்கிறேன். பிறர் பேச்சைத் திருத்திச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. நெல்லையப்பன் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தான். "என்னட்டி, யார அடிக்கப் போற?" என்றான். அவளும் சிரித்தாள். வீட்டில் நல்ல சூழல்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு பெண் வீட்டுக்கு வெளியே எதையாவது கற்கப் போனால், என்ன கற்கிறாள், யாரிடம் கற்கிறாள் என்று பெரியவர்கள் அறிந்திருக்க வேண்டும். வாசலில் காவல் நிற்பது எனக்குப் பிடிக்காது. "நானும் சேர்கிறேன்" என்றேன். சியாமளா சட்னிக் கிண்ணத்தை மூடி வைத்தாள். பிறகு, "சரி அத்தை" என்றாள்.

ஒரு பாத்திரக் கடைக்கு மேல் நீளமான கூடம். மாஸ்டர் பெயர் ஜெபசிங். நாற்பது வயது இருக்கும், கட்டையான மனிதர். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே கால் வைக்கும்போது குனிந்து வணங்க வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் உலோகம் எதுவும் கூடாது. ஒழுங்கு எங்கே இருந்தாலும் எனக்குப் பிடித்துவிடும். என் பள்ளியில்கூட இவ்வளவு ஒழுங்கை என்னால் நிலைநாட்ட முடிந்ததில்லை.

அங்கே வரிசை வயதுப்படி அன்று, அம்மா. சேர்ந்த வரிசைப்படி. முன்னால் சேர்ந்தவர் வலப்பக்கம் நிற்பார், பின்னால் சேர்ந்தவர் அவரைப் பார்த்துக் குனிய வேண்டும். நாங்கள் ஒரே நாளில் சேர்ந்தோம். பதிவேட்டில் என் பெயரை முதலில் எழுதச் சொன்னேன். இல்லாவிட்டால் மாமியார் மருமகளுக்குக் குனிய நேர்ந்திருக்கும், அவளுக்குத்தான் சங்கடம். அவளுடைய பட்டையையும் நானே கட்டிவிட்டேன். முனைகள் இரண்டும் ஒரே நீளத்தில் தொங்க வேண்டும். அவளுக்கு அது வரவே இல்லை.

பெண்கள் வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். எஸ்தர் என்று ஒரு தலைமைக் காவலர் வருவாள். வாய் சும்மா இராது. நான் முதன்முதலில் கை மடக்கிக் குத்தியதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க சாக்பீஸ் பிடிக்க மாதிரில்லா பிடிக்கீங்க! எதிரி நோட்ட எடுத்துக் கணக்கு எழுத ஆரம்பிச்சுருவான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சியாமளா சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வரும் வழியில், பொது இடத்தில் அப்படிச் சிரிப்பது அழகன்று என்று அவளுக்குச் சொன்னேன். கண்டிக்கவில்லை, சொன்னேன், அவ்வளவுதான்.

மூன்றாம் வாரத்திலிருந்து மாஸ்டர் எங்களுக்குப் பிடி விடுவித்தலைத் தொடங்கினார். ஒருவன் உங்கள் மணிக்கட்டைப் பற்றினால் அவனுடைய கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிடியின் பலவீனம் அங்கேதான். அந்தப் பக்கமாகக் கையைச் சுழற்றி இழுக்க வேண்டும். முடியைப் பற்றினால் வேறு வழி, பின்னாலிருந்து கட்டிப் பிடித்தால் வேறு வழி. நான் ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நாற்பது பக்கக் குறிப்பேடு. படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, படிநிலைகளுக்கு எண் கொடுத்து எழுதினேன். ஜப்பானியச் சொற்களுக்கெல்லாம் நல்ல தமிழ் கண்டுபிடித்தேன். மாஸ்டரே பார்த்துவிட்டு, "இத ப்ரிண்ட் போடலாம்மா" என்றார்.

எழுதினால் மட்டும் பாடம் மனத்தில் நிற்குமா? திருப்புதல் வேண்டாமா? ஆகையால் வகுப்பு முடிந்து வந்ததும், சிற்றுண்டிக்குப் பின், கூடத்தில் திருப்புதல் வைத்தேன். என்னால் மருமகளை உரிய பலத்தோடு பிடிக்க முடியாது. அறுபத்து நான்கு வயது. நெல்லையப்பனைப் பிடிக்கச் சொன்னேன். நான் நாற்காலியில் அமர்ந்து குறிப்பேட்டிலிருந்து ஒன்று, இரண்டு என்று வாசிப்பேன். அவள் செய்ய வேண்டும். பத்துக்கு மதிப்பெண் போடுவேன்.

முதல் நாள் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். நான் வாசிக்கத் தொடங்கியதும், "இரும்மா, முழுசா நான் வாசிச்சுக்கிடுதேன்" என்று குறிப்பேட்டை வாங்கி முழுப் பக்கத்தையும் படித்தான். படிப்பில் அவன் எப்போதும் கெட்டி. பிறகு அவளைப் பார்த்து, "இப்ப என்ன செய்வ? கட்டைவிரல் பக்கமாத் திருப்புவ. திருப்பு, பாப்போம்" என்றான். அவள் திருப்பினாள். அவனுக்குத்தான் தெரிந்துவிட்டதே! அவள் திருப்பும் பக்கமே இவனும் திருப்பினான். இன்னும் திருப்பினான். "முழங்கையை உள்ளே வை சியாமளா, முழங்கையை உள்ளே வை" என்று நான் மூன்று முறை சொன்னேன். அவள் வைக்கவில்லை. பத்துக்கு இரண்டு போட்டேன். அழுதால் மதிப்பெண் குறையாது என்று முன்பே சொல்லியிருந்தேன். ஆனாலும் அவள் அழவில்லை.

இப்படி ஏழு திருப்புதல் நடந்தது. முடியைப் பற்றுவது, கழுத்தை வளைப்பது, எல்லாம். ஒரு முறைகூட அவள் மூன்றுக்கு மேல் வாங்கவில்லை. எனக்கே வருத்தமாக இருந்தது. இத்தனைக்கும் குறிப்பேட்டில் ஒரு பிழை கிடையாது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மாஸ்டர் சியாமளாவின் முன்கை கன்றியிருந்ததைப் பார்த்துவிட்டார். "இந்தக் கன்னிப்பு இங்க வந்ததில்லையே" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "வீட்டில் திருப்பிப் பார்க்கிறோம், மாஸ்டர்."

"யார் கூடம்மா?"

"அவள் கணவனோடு. நான் மேற்பார்வை."

பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் தம் பட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். எஸ்தர்தான், "டீச்சர், ஒங்க நோட்ட அவரு வாசிக்காரா?" என்றாள். "வாசிக்காமல் எப்படிப் பிடிப்பான்?" என்றேன். அன்றைக்கு அவள் அதற்கு மேல் ஒரு பகடியும் சொல்லவில்லை.

அடுத்த வகுப்பில் இணைகளை மாற்றினார் மாஸ்டர். எனக்கு எஸ்தர். சியாமளாவைத் தனியே மூலைக்கு அழைத்துப் போய்விட்டார். கூடம் நீளமானது; அங்கே பேசுவது எளிதில் காதில் விழாது. ஆனால் பின்வரிசைப் பெண்கள் முணுமுணுப்பதைக் கேட்டுப் பழகிய காது இது. அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"மாஸ்டர், எனக்கு அடிக்கத் தெரிய வேண்டாம். விழத் தெரிஞ்சாப் போதும்."

"எங்க இருந்தும்மா?"

"படியில இருந்து."

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் வந்து சொன்னபோது நெல்லையப்பனும் சிரித்தான். அடிக்கக் கற்கப் போனவள் விழக் கற்கிறாள்! அடுத்த ஐந்து வாரமும் அவள் கற்றது அது ஒன்றுதான். முதலில் தடித்த பாயில், உட்கார்ந்தபடி உருளுவது. பிறகு நின்றபடி. பிறகு ஒரு முக்காலியிலிருந்து. தலை தரையில் படாதபடி தாடையை நெஞ்சோடு சேர்க்க வேண்டும், உடம்பை உருட்ட வேண்டும், தரையைத் தட்டையான உள்ளங்கையால் ஓங்கி அறைய வேண்டும்; அறைந்தால் அடி கைக்குப் போய்விடும், உடம்புக்கு வராது. அதுவரை அவள் சரியாகவே செய்தாள்.

ஆனால் வடிவம் தவறு. எல்லோரும் இரண்டு கையாலும் அறைவார்கள். இவள் ஒரு கையால்தான் அறைவாள். இன்னொரு கையை வயிற்றிலிருந்து எடுக்கவே மாட்டாள். முழங்கால் இரண்டையும் மேலே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் விழுவாள், சுருட்டிய பாய் போல. நான் மாஸ்டரிடம் நேரில் சுட்டிக்காட்டினேன். "அவங்களுக்கு அது சரிதாம்மா" என்றார். ஓர் ஆசிரியர் ஒரு மாணவிக்கு மட்டும் விதியைத் தளர்த்தலாமா? கூடாது. கடைசி இரண்டு வாரம் அவள் விழவும் இல்லை. சுவரோரமாக உட்கார்ந்து மற்றவர்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். எஸ்தர் எதற்கோ வகுப்புதோறும் அவளுக்கு மாதுளம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள்.

விழுதலை மட்டும் நான் குறிப்பேட்டில் எழுதவில்லை. விழுவது ஒரு பாடமா என்று விட்டுவிட்டேன். அது என் பிழைதான். ஒத்துக்கொள்கிறேன்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கீழே கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சியாமளா இறங்கி வந்து, "அத்தை, இனிமே திருப்புதல் வேண்டாம்" என்றாள். கேட்கவில்லை, பாருங்கள், சொன்னாள். தொடங்கியதைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது. "அதை உன் கணவனிடம் சொல்" என்றேன். வேறு என்ன சொல்வது? மேலே போனாள். குரல் கேட்டது. அவன் குரல்தான், அவளுக்குத்தான் குரலே எழும்பாதே. பிறகு அவள் மாடிப்படியின் உச்சியில் தெரிந்தாள், முதுகு என் பக்கமாக. அவள் பின்னால் பார்க்கவில்லை. அவன் கை தெரிந்தது.

பதினேழு படி. நான் முழுவதும் பார்த்தேன், தெய்வானை அம்மா. தாடை நெஞ்சில். முழங்கால் மேலே. இடக்கை வயிற்றில். வலக்கை படி படியாக அறைந்துகொண்டே வந்தது. டப், டப் என்று அந்தச் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தலை ஓரிடத்திலும் படவில்லை. கீழே வந்ததும் சுருண்டு, அப்படியே கிடந்து, மூச்சை ஒரு முறை வெளியே விட்டாள். அத்தனை மாதத்தில் அவள் சரியாகச் செய்த ஒரே பாடம் அது. பத்துக்கு ஒன்பது கொடுத்திருப்பேன். ஒரு கையை எடுக்காததால் ஒன்று குறைத்திருப்பேன்.

எழுந்து நின்றாள். மேலே நின்றவனைப் பார்க்கவில்லை. குனிந்து, அடிப்படியை உள்ளங்கையால் தடவி, அந்தக் கையை என் முகத்துக்கு நேரே காட்டினாள். "ஈரம் இல்ல அத்தை, பாத்துக்கிடுங்க" என்றாள். செருப்புக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். நேரே எஸ்தர் வீட்டுக்கு.

எனக்கு எவ்வளவு அவமானம், எண்ணிப் பாருங்கள். புகார், விசாரணை, நீதிமன்றம். என் குறிப்பேட்டைக் கேட்டார்கள், கொடுத்தேன். மறைக்க அதில் என்ன இருக்கிறது? ஓரத்தில் தேதியும் மதிப்பெண்ணும்கூட இருந்தன. நீதிபதி ஒரு பெண். ஒரு பக்கம் விடாமல் படித்தார். படித்து முடித்து என்னை நெடுநேரம் பார்த்தார். கையெழுத்தைப் பற்றி ஏதேனும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கடைசியில் இரண்டு தரப்பும் பேசிச் சமாதானமாக விலகிக்கொண்டார்கள். அவள் புகாரை விட்டுக்கொடுத்தாள், நாங்கள் குழந்தையை விட்டுக்கொடுத்தோம்.

ஆம், குழந்தை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் விழுந்த அன்றைக்கே அது வயிற்றில் இருந்திருக்கிறது! இரண்டு மாதம். என்னிடம் சொல்லவில்லை, என் மகனிடம் சொல்லவில்லை. மாஸ்டருக்குத் தெரியும், எஸ்தருக்குத் தெரியும். எங்கள் வம்சத்தை எங்களுக்கே தெரியாமல் ஒரு கையால் ஒளித்துப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறாள். ஆண் குழந்தையாம். ஆனியில் பிறந்தானாம். மூன்று கிலோவுக்கு மேல் எடையாம், ஒரு குறையும் இல்லையாம். நாங்கள் பார்த்ததில்லை. இதைவிடக் கொடுமை ஒரு குடும்பத்துக்கு ஒருத்தியால் செய்ய முடியுமா? நீங்களும் ஒரு தாய், நீங்களே சொல்லுங்கள்.

தண்ணீர் குடியுங்கள்.

உங்கள் நிலைமையும் எனக்குத் தெரியும். தமயந்திக்கு முப்பத்து மூன்று. அவள் அப்பா இல்லை. இளையவளைப் பேசி வைத்திருக்கும் இடம் தை வரைதான் பொறுக்கும் என்று தரகர் சொன்னார். அதையெல்லாம் சொல்லிக்காட்ட நான் வரவில்லை. எங்களிடமும் ஒரு குறை இருக்கிறது, உங்களிடமும் ஒரு குறை இருக்கிறது; இரண்டும் ஈடாகிவிடும். கராத்தேயை அவள் நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். தாராளமாகத் தொடரட்டும். பாளையங்கோட்டையில் வேறு மாஸ்டர் இருக்கிறார். நானும் கூடச் செல்வேன். குறிப்பேடு புதிதாக வாங்க வேண்டும், அவ்வளவுதான். இந்த முறை விழுதலையும் விடாமல் எழுதிவிடுவேன்.

பெண் அலுவலகத்திலிருந்து வர ஆறு மணியாகுமா? அவள் வருவதற்குள் பெரியவர்கள் நாம் பேசி முடித்துவிடுவது நல்லது. உங்கள் மனத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். தயங்காதீர்கள். என்ன? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா, கேட்கவில்லை.

கீழ்ப்பகுதியா?

அவர்கள் இருவரும் கீழ்ப்பகுதியில் இருக்கட்டும் என்கிறீர்கள். நான் மாடிக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதானா? நகை, சீர், ஆடி அழைப்பு, எதைப் பற்றியும் இல்லையா? எனக்கு முழங்காலில் வலி உண்டு. பதினேழு படி ஏறுவது எளிதன்று. நீங்கள் ஏன் இதைக் கேட்கிறீர்கள் என்றும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. ஆனாலும் போகிறேன். அதற்கென்ன!

அழாதீர்கள் அம்மா. நல்ல காரியம் பேசும்போது அழக் கூடாது. பெண்ணைப் பெற்றவர்கள் என்னென்னவோ கேட்பார்கள் என்று நான் நினைத்து வந்தேன். நீங்கள் கேட்டது இது ஒன்றுதான்.